ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

டீச்சர், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்ற ஆசிரியர்களுக்கும் புரியட்டும். உங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு வீடியோ போடுகிறீர்கள். வகுப்பே சத்தமில்லாமல் பார்க்கிறது. மறுநாள் அதே பாடத்தில் கேள்வி கேட்டால் முன்வரிசையில் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். தினமும் ஒரு பாடவேளையாவது போர்டு ஓட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். இதை எப்படிப் பயன்படுத்துவது, எந்த ஆப் நல்லது, வீட்டுப்பாடத்தைச் செல்போனில் அனுப்பலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

ஆப் பெயர்களில் தொடங்க எனக்கு விருப்பமில்லை. போர்டை ஆன் செய்யும் முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது ஓடும்போது பிள்ளை என்ன செய்யப்போகிறான்? "பார்ப்பான்" என்பது மட்டுமே பதில் என்றால், மறுநாள் நாலு கைதான் உயரும். ஊகித்து எழுதுவான், அளப்பான், பக்கத்தில் இருப்பவனோடு வாதாடுவான், தான் எழுதியது தப்பென்று கண்டு அடித்துத் திருத்துவான் என்றால் போர்டுக்கு அங்கே வேலை இருக்கிறது.

நன்றாக எடுக்கப்பட்ட வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு. குரல் தெளிவாக இருக்கும், படம் அழகாக இருக்கும், எல்லாம் தடையில்லாமல் ஓடும். பார்க்கிறவருக்கு எங்கும் இடறாது. இடறாததால் புரிந்துவிட்டது என்று தோன்றும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்கும் நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் படித்ததை நினைவிலிருந்து வெளியே எடுக்க முயலும்போதுதான் அது மனதில் நிற்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் கேட்டால் மட்டும் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். வீடியோ முடிந்த கையோடு கேட்டால் பதில் வருவதும் மறுநாள் வராததும் இதனால்தான்.

உங்கள் பாடத்திலேயே ஓர் உதாரணம் எடுக்கிறேன். மின்னோட்டவியல் பாடம். ஒரு சுற்றில் இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக, இணைத்தால் எது அதிகமாக எரியும் என்று கேட்டுப் பாருங்கள். "முதல் பல்பு பாதி கரண்டைத் தின்னுடும் மிஸ், ரெண்டாவது மங்கலாத்தான் எரியும்" என்று பாதி வகுப்பாவது சொல்லும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள், கல்லூரிக்குப் போன பிறகும் சிலர் நினைக்கிறார்கள். பத்து நிமிட அனிமேஷன் இந்த எண்ணத்தை அசைக்காது. பிள்ளை தன் மனதிலிருக்கும் படத்தை விடாமலே அந்த வீடியோவை முழுதாகப் பார்த்து முடிப்பான்.

அதனால் முதல் இருபது நிமிடம் போர்டு அணைந்தே இருக்கட்டும். ஆறு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு இரண்டு செல், இரண்டு பழைய டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர் போதும். எல்.ஈ.டி. வேண்டாம், அது திசை மாறினால் எரியாது, பாடம் வேறு பக்கம் போய்விடும். இணைப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை ஒரு தாளில் எழுதியாக வேண்டும், காரணத்தோடு. எழுதவைப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதாத பிள்ளை பல்பு எரிந்ததும் "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்பான். பிறகு இணைக்கட்டும். இரண்டும் ஒரே அளவில், முன்பைவிட மங்கலாக எரியும். ஏதாவது ஒரு குழுவில் ஒரு பல்பு சற்றுக் கூடுதலாக எரியும், பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது என்பதால். உடனே "பாத்தீங்களா மிஸ், நான் சொன்னேன்ல" என்று ஒரு குரல் வரும். அது பாடத்துக்கு நல்லதுதான். இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் வெளிச்சம் பல்போடு சேர்ந்து நகருமே தவிர, இடத்தோடு ஒட்டியிருக்காது. அப்போதுதான் உண்மையான கேள்வி எழும்: முதல் பல்பு கரண்டைத் தின்னவில்லை என்றால், இரண்டு பல்புமே ஏன் மங்கியது?

இந்த இடத்தில் போர்டைப் போடுங்கள். கம்பிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, நீங்கள் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் முடியாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) உருவகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பல தமிழிலும் உள்ளன. அதில் மின்சுற்று அமைக்கும் உருவகத்தைத் திறந்து, பிள்ளைகள் கையால் செய்த அதே சுற்றை ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் போர்டில் அமைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக நகரும். முதல் பல்புக்கு முன்னும் பின்னும், இரண்டாவது பல்புக்குப் பின்னும் ஒரே வேகம்தான். அம்மீட்டரை மூன்று இடத்திலும் வைத்துக் காட்டினால் ஒரே எண் வரும். மூன்றாவது பல்பைச் சேர்க்கும் முன் நிறுத்தி, என்ன ஆகும் என்று மறுபடி எழுதச் சொல்லுங்கள். சேர்த்ததும் எல்லா இடத்திலும் உருண்டைகள் மெதுவாகும். "எங்க தடுத்தாலும் மொத்தமா ஸ்லோ ஆகுது" என்று ஒரு பிள்ளை தன் வார்த்தையில் சொல்லும்போது, மின்தடை என்ற சொல்லை நீங்கள் எழுதலாம். திரையில் ஓடுவது ஒரு மாதிரிப் படம்தான் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். நிஜக் கம்பியில் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. திரையில் வருவதெல்லாம் அப்படியே உண்மை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் போர்டு ஓடியது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் அந்த நேரத்தை வேறு எதுவாலும் ஈடுகட்டியிருக்க முடியாது.

கணக்கிலும் இதே வழிதான். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை முதலில் தாளில் வரைந்து, பாகைமானியால் அளக்கட்டும். ஒருவனுக்கு 178 வரும், இன்னொருத்திக்கு 181 வரும். ஏன் என்று பேசுங்கள். அதன் பிறகு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு நிமிடத்தில் நூறு முக்கோணம் பார்த்துவிடலாம், தாளில் அது நடக்காது. நம் பாடநூலிலேயே இணையச் செயல்பாடு என்ற பகுதியில் இதற்கான சுட்டிகளும் விரைவுக் குறியீடும் இருக்கின்றன. பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகிறோம்.

வீடியோவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் நறுக்கிப் போடுங்கள். மணற்கேணி செயலியிலோ கல்வித் தொலைக்காட்சியிலோ எடுத்த வீடியோவை முந்தைய நாளே முழுதாகப் பாருங்கள். அதில் உங்கள் பாடத்துக்கு உயிரான ஒன்றரை நிமிடம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிமலை வெடிப்பது, இதய வால்வு திறந்து மூடுவது, மகரந்தக் குழாய் வளர்வது போல, நம் ஊரில் காட்ட முடியாததும் வெறும் கண்ணுக்கு எட்டாததும் அதில் வரும். அதை மட்டும் போடுங்கள். விடை வருவதற்கு ஒரு நொடி முன் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். இரண்டாம் முறை போடும்போது ஒலியை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையை வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்பதில் நீங்கள் நாளை என்ன எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்றாம் நாள் காலை, புத்தகத்தைத் திறக்காமல், மூன்று கேள்விக்கு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். எழுதிப் பார்ப்பதுதான் அதில் பலன்.

சாதனம் வந்ததாலேயே படிப்பு உயராது என்பதற்குப் பெரிய அளவில் சான்றுகள் இருக்கின்றன. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கணினி எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. நம் நாட்டிலிருந்து வந்த சான்று இன்னும் கூர்மையானது. குஜராத்தில் லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர் ஒரே கணினிக் கணக்குப் பயிற்சியை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார். ஆசிரியர் பாடம் எடுக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு நடத்திய இடங்களில் பிள்ளைகள் பின்தங்கினார்கள், அதுவும் கணிசமாக. அதே பயிற்சியைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக நடத்திய இடங்களில் முன்னேறினார்கள். மென்பொருள் ஒன்றுதான். எதன் நேரத்தை அது எடுத்துக்கொண்டது என்பதே விளைவை மாற்றியது. அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களின் கற்பித்தல் ஏற்கெனவே நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நன்றாக நடக்கும் ஒரு பாடவேளையைத் திரைக்குக் கொடுத்தால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

சாதனம் உண்மையிலேயே கைகொடுத்த ஆய்வும் உண்டு. கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லியில் 619 நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு அது, 2019-இல் வெளியானது. பள்ளி நேரத்துக்குப் பிறகு, பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரோடு. நாலரை மாதத்தில், சேராத பிள்ளைகளைவிடக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னேற்றம். இதற்கு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. அதில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பில் ஆறாம் வகுப்புப் பாடம் ஓடும், பிள்ளை மூன்றாம் வகுப்பு அளவில் நிற்பான். மென்பொருள் அவனைச் சோதித்து, அவன் நிற்கும் படியிலிருந்தே கணக்கைக் கொடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு படி. முப்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் அதைத் தனியாகச் செய்வது மிகக் கடினம்.

உங்கள் ஏழாம் வகுப்பிலும் தமிழைச் சரளமாக வாசிக்க முடியாத ஐந்தாறு பேர் இருப்பார்கள். இருப்பார்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன். ஸ்மார்ட் போர்டு அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே படத்தைக் காட்டுகிற கருவி அது. அவர்களிடம் டேப்பைக் (டேப்லெட்) கொடுங்கள். ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்டு, மறுபடி வாசித்துப் பதிவு செய்யட்டும். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை எங்கே திக்கினோம் என்று கண்டுகொள்வான். வகுப்பு முன்னால் வாசித்துக் கேலிக்கு ஆளாகும் பயமும் இல்லை. வாரம் ஒரு பதிவைச் சேமித்து வையுங்கள். ஜூன் மாதப் பதிவையும் செப்டம்பர் மாதப் பதிவையும் அவனுக்கே அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

கொரோனா காலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் பள்ளிகள் மூடியபோது பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. நல்ல முயற்சி, ஆசிரியர்கள் உழைத்து எடுத்த பாடங்கள். ஆனாலும் பிள்ளைகள் இழந்தது பெரிது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது அதில் மையமாக இருந்தது திரை அல்ல. தெருவுக்குத் தெரு மாலையில் பாய் விரித்து உட்கார்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழுதுவதைப் பார்த்து, "இங்க பாரு" என்று சொல்ல ஓர் ஆள் இருந்ததன் பலன் அது. எந்தக் கருவியை வாங்கினாலும் அந்த ஆளின் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறதா, பிடுங்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். பிளிக்கர்ஸ் என்று ஓர் ஆப். பிள்ளைகளிடம் எந்தச் சாதனமும் வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் கட்டம் கட்டமாகக் கறுப்பு வடிவம். அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறான் என்பதே அவன் விடை, நாலு பக்கத்துக்கு நாலு விடை. நீங்கள் உங்கள் போனை வகுப்பின் குறுக்கே ஒருமுறை காட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்பது வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திருப்ப முடியாது. கை தூக்குகிற நாலு பேரை வைத்து வகுப்பை எடைபோடுவது இதோடு முடியும். பாதிப் பேர் தப்பென்றால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களிலிருந்து இயற்பியல் வகுப்புகளில் செய்துவரும் முறை இது. போனில் சார்ஜ் இல்லையா, சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் கண்பார்வை குறைந்த பிள்ளையோ காது சரியாகக் கேட்காத பிள்ளையோ இருந்தால், இதுவரை நான் சொன்ன சிக்கனமெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது. கரும்பலகையைப் போட்டோ எடுத்து டேப்பில் பெரிதாக்கிப் படிப்பது குறைபார்வை உள்ள பிள்ளைக்கு முன்வரிசையில் உட்கார வைப்பதைவிடப் பெரிய உதவி. ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் டாக்பேக் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். ஹைடெக் லேப் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் காசில்லாமல் நிறுவலாம். அதை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், அவரே பார்வையற்றவர். அது தமிழையும் வாசிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு டேப்பை நாள் முழுக்கக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்டால், கண்ணாடி போட்டவனிடம் கண்ணாடியை ஏன் கழற்றச் சொல்வதில்லை என்பதைப் பேசுங்கள், புரிந்துகொள்வார்கள்.

செல்போன் வீட்டுப்பாடம் வேண்டாம் என்பதே என் கருத்து. பல வீடுகளில் ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது, நெட் பேலன்ஸ் இருந்தால் உண்டு. அதை நம்பி வீட்டுப்பாடம் கொடுத்தால் ஏற்கெனவே பின்தங்கியவன் இன்னும் பின்தங்குவான், காரணத்தைச் சொல்லவும் கூச்சப்படுவான். வாட்ஸப் குழு பெற்றோருக்குத் தகவல் சொல்ல இருக்கட்டும். வீட்டுப்பாடமாக, நிலவைத் தினமும் பார்த்து நேரத்தோடு வரைந்து வரச் சொல்லுங்கள். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில் தொடங்கினால் பௌர்ணமி வரை மாலையிலேயே தெரியும். ஒரே நேரத்தில் பார்த்தால் நாளுக்கு நாள் அது கிழக்கே தள்ளி நிற்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து, ஸ்டெல்லேரியம் என்ற இலவச வான்மண்டல மென்பொருளைப் போர்டில் திறந்து, உங்கள் ஊரையும் அந்தத் தேதிகளையும் கொடுத்து, நோட்டில் வரைந்தது சரியா என்று பார்க்கட்டும். தன் நோட்டோடு திரையை ஒப்பிடுகிற பிள்ளை அதை வேடிக்கை பார்க்க மாட்டாள், சோதிப்பாள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோவை ஸ்டேட்டஸிலும் யூடியூபிலும் போடுவதை நிறுத்திவிடுங்கள். பெருமையில்தான் போடுகிறோம், தெரியும். ஆனால் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. திக்கித் திக்கி வாசித்த பதிவு பத்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைக்கு முன் வந்து நிற்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவைக் கேள்வித்தாள் தயாரிக்கவும், ஒரே கணக்கை மூன்று தரத்தில் எழுதி வாங்கவும் நீங்கள் பயன்படுத்தலாம். தமிழில் கலைச்சொல்லை மாற்றிப் போடும், விடையைத் தவறாகவும் உறுதியோடு சொல்லும். ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுக்க இப்போதைக்கு நான் சொல்லமாட்டேன்.

நடைமுறை விஷயம் ஒன்று. போர்டில் ஒரு வரியை எழுதிவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாதி தெரியாது. திரைச்சீலைக்கு நூலகத்தில் கிடக்கும் பழைய துணிப் பேனரே போதும். உருவகங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள், நெட் சுற்றிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடும்.

தலைமையாசிரியர் சொல்வதற்கு வருகிறேன். அவருக்கும் மேலிருந்து கேட்கிறார்கள், பொருள் வந்து தூசி படிந்து கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் "தினமும் வேண்டாம் சார்" என்று போய் நிற்காதீர்கள். மின்னோட்டவியல் பாடத்தை மேலே சொன்னபடி எடுங்கள். பிள்ளைகள் முதலில் எழுதிய ஊகத் தாள்களையும், ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் எழுதிய விடைகளையும் சேர்த்துக் கட்டி அவர் மேசையில் வையுங்கள். இரண்டு கட்டிலும் எத்தனை பேர் சரி என்று மேலே எழுதுங்கள். வீடியோ மட்டும் போட்ட இன்னொரு பாடத்துக்கும் அதேபோல் முன்னும் பின்னும் எழுதவைத்துப் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு வாரத்தில் எந்தப் பாடவேளைக்குப் போர்டு வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து கால அட்டவணையில் குறிக்கலாம். மற்ற ஆசிரியர்களுக்கும் முறை வைத்துப் பிரிக்கும்போது போர்டு தினமும் ஓடும், அவர் பதிவேட்டிலும் நாள் விடுபடாது.